எண்பத்து நாலு, பேசிக்கலாம்

விளம்பரத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்:
தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பின்சந்து,
பழைய நிதிக் கட்டடம், தரைத்தளம்,
இரண்டு படுக்கையறை,
மொட்டை மாடியில் கோபுர தரிசனம்.
எண்பத்து நாலு. பேசிக்கலாம்.

எழுதாமல் விட்டது:
மொட்டை மாடிச் சாவி சங்கச் செயலாளரிடம்,
செயலாளர் மானாமதுரையில்.
கார் நிறுத்த இடமில்லை.
சித்திரைத் திருவிழா முடிகிறவரை
ஆட்டோகூட உள்ளே வராது.

கோயிலைச் சுற்றி ஒன்பது மீட்டருக்கு மேல்
எழும்பக் கூடாதென்று சட்டம்.
இடித்தாலும் உயரம் கிடைக்காது,
அதனால் இடிக்கவில்லை.
பாரம்பரியம் என்று நோட்டீஸ் அடித்ததெல்லாம்
அதற்கப்புறம்.

பில்டர் பதினோரு வீடாக வகுந்தார்.
இந்த வீட்டுப் பங்கில் விழுந்தது
பெட்டக அறையும் அதன் இரும்புக் கதவும்.
அறுத்தெடுக்க வந்த வெல்டர்
இரண்டு நாள் தீப்பொறி விட்டுப் பார்த்துவிட்டுக்
கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.
எனவே அது மாஸ்டர் பெட்ரூம்.
உள்ளே செல்போன் எடுக்காது.
பார்க்க வரும் கணவன்மார்களுக்கு அது பிடிக்கிறது.
மனைவிமார் கேட்பது ஒன்றே ஒன்று:
கதவு தானா மூடிக்குமா?

அண்ணாநகர் பல் டாக்டர் தம்பதி
ஜன்னலைத் தேடிவிட்டுப் போனார்கள்.
நகைக்கடைக்காரர் ஒருவர் கதவைத் தட்டிப் பார்த்து
கதவை மட்டும் விலைக்குக் கேட்டார்.

குருவம்மாள் வருவது இது நாலாவது தடவை.
தல்லாகுளம் தபால் ஆபீஸ் கவுண்டரில்
முப்பத்தோரு வருஷம், இப்போது பென்ஷன்.
வாங்க மாட்டார், எனக்குத் தெரியும்.
தெரிந்தும் சாவியைத் தூக்கிக்கொண்டு போகிறேன்,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அறை எதையும் பார்ப்பதில்லை அவர்.
ஹாலில், சோபா போட வேண்டிய இடத்தில்,
பூக்கல் தரை ஒரு முழ அகலத்துக்குத்
தேய்ந்து கிடக்கும். கம்பி வைத்த கவுண்டருக்கு முன்னால்
நின்று நின்று கால்கள் தேய்த்தது.
மூன்று தடவை பாலிஷ் போட்டும் போகவில்லை.
அங்கே போய் நிற்பார்.

இன்று வாயைத் திறந்தார்.
"முப்பத்தேழு வருஷம் ஆச்சு, சிக்கந்தர் தம்பி.
ஒரு செவ்வாக்கிழமை, பத்தரை மணி.
நான் ஏழாவது ஆளு.
ஆறாவது ஆளு கையை நீட்டுறப்ப
உள்ளேயிருந்து பலகையைச் சாத்திட்டாங்க."

கைப்பையில் பாஸ்புக். ஓரம் செல்லரித்தது,
எண் மட்டும் அரிக்கவில்லை: 14,600.
"பன்னெண்டு வட்டின்னு சொன்னாங்க. போடுங்க."
போனில் போட்டேன். கூட்டு வட்டி.
ஒன்பது லட்சத்து அறுபத்தாறாயிரம் சொச்சம்.
"அதைக் கழிச்சுட்டு விலை சொல்லுங்க."

சிரித்திருக்கலாம்.
கழித்தேன். எல்லாப் பார்ட்டிக்கும் சொல்கிற குரலிலேயே
எழுபத்து நாலு முப்பத்து மூணு என்றேன்.
கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.
உதட்டைப் பிதுக்கினார்.
"ஜாஸ்தி."

பிறகு முதல் முறையாக
இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே போனார்.
பணம் இருந்த பக்கம்.
ஃபேனைப் போட்டார், அணைத்தார், போட்டார்.
அவசரமில்லை.

மஸ்கட்டிலிருந்து ஓனர்.
யாராச்சும் வந்தாங்களா என்றார்.
ஒருத்தங்க பாத்துட்டிருக்காங்க சார்.
சீரியஸ் பார்ட்டியா?
வாய் தவறி, அல்லது தவறாமல்,
வரிசையில ஏழாவது ஆளு சார் என்றேன்.

ஏழு பேரா! என்றார் ஓனர்.
அப்ப ரெண்டு லட்சம் ஏத்து.

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
நாளைய விளம்பரம்:
எண்பத்தாறு. பேசிக்கலாம்.